ஃபிரிட்ஜைச் சுற்றிய சங்கிலி

பிலிப்பைன்ஸின் இலோய்லோ நகரத்துப் பிற்பகல் வெயில் சமையலறைத் தரையில் கொதிக்கிறது. ஃபிரிட்ஜைச் சுற்றிய சங்கிலியைத் தம்பி ரோதெல் இழுக்கிறான். பூட்டு கதவில் மோதிச் சத்தம் போடுகிறது. "ஒரு சட்டி சோறு தின்னு ஒரு மணி நேரம் ஆகல. அது வயிறா, சாக்கடையா?" என்கிறாள் மாரிவிக், சாவியைக் கைக்குள் இறுக்கியபடி. "வயிறு கேக்கலக்கா, மூளை கேக்குது. மாத்திரை அப்படித்தான் பண்ணும்னு டாக்டரே சொன்னாரு." "ஆமா, எதுக்கெடுத்தாலும் மாத்திரை." அவன் சங்கிலியை விட்டுவிட்டு, சட்டைப்பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து மேசைமேல் அவள் பக்கம் தள்ளுகிறான். "அப்ப நிறுத்திடறேன். நீ சோத்துல விஷம் வச்சிருக்கேன்னு மண்டைக்குள்ள அந்தக் குரல் திரும்பச் சொல்லும். ஒரு வாய் கேக்க மாட்டேன்." போன மழைக்காலத்தில் அந்தக் குரலை நம்பிப் பதினோரு நாள் பட்டினி கிடந்தவனைத் தூக்கியபோது அவள் கைக்குக் கனமே தெரியவில்லை. "முழுங்கித் தொலை," என்று மாரிவிக் அட்டையை அவன் பக்கமே தள்ளுகிறாள். கூடவே சாவியையும்.