தானாக நிற்கும் கார்

முன் சக்கரத்து பிரேக் டிஸ்க் இரண்டும் தேய்ந்துவிட்டன, மாற்றியே ஆகவேண்டும் என்றார் மெக்கானிக் யேசுதாசன்.

எனக்குச் சுருக்கென்றது. ஊரப்பாக்கத்தில் அவருடைய ஒர்க்‌ஷாப்பில், சக்கரம் கழற்றிய என் கார் ஜாக்கி மேல் நின்றது. டிஸ்க்கை நகத்தால் தடவிப் பார்க்கச் சொன்னார். நடுவில் பள்ளம், ஓரத்தில் வரப்பு.

இந்தப் பழைய காரை வாங்கியபோது புதிதாகப் போட்ட டிஸ்க். இன்னும் வருஷம் திரும்பவில்லை.

நான் பிரேக்கை மிதிப்பதே அபூர்வம். ஐம்பது வயதைத் தாண்டித்தான் ஓட்டக் கற்றுக்கொண்டேன் என்றாலும், கை அப்படி அமைந்துவிட்டது. ஜிஎஸ்டி ரோட்டில் முன்னால் பஸ் நின்றால், நான் காலை நகர்த்துவதற்குள் கார் தானாகவே அடங்கி நின்றுவிடும்.

என் மனைவி பட்டுவே சாட்சி. மற்ற வீட்டுப் பெண்கள் காரில் ஏறியதுமே மெதுவா, மெதுவா என்று உயிரை வாங்குவார்கள். நான் சுவரில் ஆணி அடிப்பதைக்கூட நம்பாத பட்டு, பக்கத்தில் வாயே திறக்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வருவாள். கல்யாணமாகி அவளிடமிருந்து எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அதுதான்.

ஆகவே டிஸ்க்தான் மட்டமான சரக்கு, இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம் என்று வாதாடினேன். என் பிரேக் பெடலையும் காட்டினேன். ரப்பரில் வரிகூட அழியவில்லை.

யேசுதாசன் தலையைச் சொறிந்தார்.

டிஸ்க் வாங்கிய பில்லைக் காட்டுகிறேன் பாருங்கள் என்று இடது பக்கக் கதவைத் திறந்தேன். டாஷ்போர்டிலிருந்து எடுத்த பில் நழுவி, கால் வைக்கும் இடத்தில் விழுந்தது. குனிந்தேன்.

அங்கே இன்னொரு பெடல்.

டிரைவிங் ஸ்கூலில் ஓடிய கார் அது. சொல்லிக்கொடுப்பவருக்கான பிரேக். இணைப்பை எடுத்தாயிற்று என்று விற்றவர் சொன்னதால் நான் மறந்தே போயிருந்தேன்.

அதன் ரப்பர் தேய்ந்து இரும்பு பளபளத்தது.

அவமானத்தில் காது சுட்டது. உடனே கழற்றச் சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் அது இல்லாமல், பட்டு பக்கத்தில் உட்கார்ந்து வரும் ஒரு பயணத்தை நினைத்துப் பார்த்தேன்.

டிஸ்க்கை மாற்றிவிடுங்கள், இதைத் தொடாதீர்கள், நான் பார்த்தது அவளுக்குத் தெரியவேண்டாம் என்றேன்.

யேசுதாசன் என் முகத்தைப் பார்க்காமல் கையைத் துணியில் துடைத்தார்.

"மேடம் காலைலயே கடைக்குப் போன் பண்ணாங்க சார். அந்தப் பெடலுக்குப் புது ரப்பர் போடச் சொன்னாங்க. சாருக்குத் தெரிஞ்சா மனசு ஒடிஞ்சிடுவாரு, சொல்லாதீங்கன்னாங்க."