பன்னிரண்டாவது நாற்காலி

"இது கனகசுந்தரம் வேலைதான். எழுத்தைப் பாத்தாலே தெரியுது" என்றார் பிச்சைமுத்து. அவர் கையில் இருந்த நோட்டீஸ் கணினியில் அச்சடித்தது.

ஜெலுத்தோங் அடுக்குமாடி மைதானத்தில் புறாக் கூண்டு ஏற்ற நட்டிருக்கும் கம்பங்களைப் பதினான்கு நாளில் அகற்ற வேண்டுமாம். அதைப் பற்றி வாதாடத்தான் ஊராட்சி மன்ற அலுவலகத்தில் எண் சீட்டோடு உட்கார்ந்திருந்தார். ஜெலுத்தோங் மெர்போக் புறா வளர்ப்போர் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். சங்கத்தில் ஒன்பது பேர், அதில் எட்டுப் பேர் நிர்வாகிகள். ஒன்பதாமவர், கோபித்துக்கொண்டு பதவியை விட்ட உபதலைவர்.

கனகசுந்தரம், ஆயர் ஈத்தாம் புறா சங்கத்தின் தலைவர். இரண்டு வருடமாகக் கூவும் போட்டிக் கோப்பை அங்கேதான் போகிறது. வாயால் எவ்வளவு திட்டினாலும் அவர் பெயரையோ அவர் சங்கத்தின் பெயரையோ தன் சங்கத்துக் காகிதத்தில் எழுதுவதில்லை என்பது பிச்சைமுத்துவின் கொள்கை. எழுதினால் சங்கத்துக்கு அவமானமாம்.

"அப்பவே சொன்னேன் அண்ணே. பேரவையில சேர்ந்திருந்தா இன்னிக்கு நமக்காகப் பேச ஆள் இருந்திருக்கும் லா" என்றார் பக்கத்தில் இருந்த செயலாளர் புவனேஸ்வரன்.

பறவைச் சங்கங்களின் பேரவை மூன்று முறை ஆள் அனுப்பிக் கூப்பிட்டுவிட்டது. மூன்று முறையும் பிச்சைமுத்து அவர்களுக்குத் டீயும் கறிபாப் பலகாரமும் வாங்கிக் கொடுத்து, வாசல்வரை வந்து வழியனுப்பி வைத்தார்.

"அங்க ஏற்கெனவே பதினோரு தலைவருங்க. நான் போயி பன்னண்டாவது நாற்காலியில உக்காரவா? அதுவும் அந்தக் கனகசுந்தரம் பக்கத்துல?"

"அப்ப நமக்காக யாருண்ணே பேசுவா?"

"இது பேசும்." சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். உள்ளே சங்கத்தின் ஒரே சொத்தான ரப்பர் சாப்பு இருந்தது. அந்த முத்திரையில் வால் உடைந்த புறா, அதன் கீழே சங்கத்தின் பெயர். அதைக் குத்தாமல் அவர் ஒரு துண்டுக் காகிதம்கூட வெளியே அனுப்பியதில்லை.

இவ்வளவு அலட்டலுக்கும் அடியில் அவருக்கு ஒரு பயம் இருந்தது. அவருடைய புறா சுல்தான், கம்பத்தின் உச்சிக்கு ஏற்றினால்தான் கூவும். வீட்டு வராந்தாவில் மாட்டினால் நாள் முழுக்க வாயே திறக்காது. எட்டு வருடம் பிள்ளைபோல வளர்த்த பறவை ஊமையாகிவிடும் என்று நினைத்தபோது உண்மையிலேயே அவருக்கு அழுகை வந்தது.

எண் வந்தது. முகப்புக் கவுண்டரில் இருந்த அதிகாரி ஷாஹிரா நோட்டீஸை வாங்கிப் பார்த்து, ஒரு ஃபைலை எடுத்து விரித்தார்.

"புகார் வந்துச்சு அங்கிள். மைதானத்துல கம்பம் நட்டுக் கூண்டு ஏத்துறாங்க, எடுக்கச் சொல்லுங்கன்னு. எந்தக் கிளப்புன்னு எழுதல. அதனால எல்லாக் கிளப்புக்கும் சேர்த்து பேரவைகிட்ட விளக்கம் கேட்டோம்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"ரெண்டே நாள்ல பதினோரு கிளப்புக்கும் பதில் எழுதி, பெர்மிட்டும் வாங்கிட்டாங்க. உங்க கிளப் அவங்க லிஸ்ட்ல இல்ல. மிச்சம் இருக்கிறது உங்க கம்பம் மட்டுந்தான்."

புவனேஸ்வரன் கூரையைப் பார்த்தார். சொல்ல வேண்டியதைக் கூரையிடம் சொல்லிக்கொண்டிருந்தார் போலிருக்கிறது.

"பேரு எழுதத் தைரியமில்லாத கோழைப்பய" என்றார் பிச்சைமுத்து. "அது யாருன்னு எனக்குத் தெரியும்மா. அவன் எழுதினா உடனே நோட்டீஸ். ஜனவரி மாசம் ஊர் நல்லதுக்காக நானும் உங்களுக்கு ஒரு கடிதம் போட்டேன். ஆறு மாசமாச்சு. இன்னிக்கு வரைக்கும் ஒரு வரி பதில் போட்டீங்களா?"

பக்கத்து வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவருக்கு அது பிடித்திருந்தது. நெஞ்சை இன்னும் கொஞ்சம் நிமிர்த்திக்கொண்டார்.

ஷாஹிரா அவரைப் பார்த்தார், ஃபைலைப் பார்த்தார், மறுபடியும் அவரைப் பார்த்தார். பிறகு ஃபைலை அவர் பக்கமாகத் திருப்பி வைத்தார். புகார்க் கடிதத்தின் அடியில், ஊதா மையில், வால் உடைந்த புறா ஒன்று உட்கார்ந்திருந்தது.

நோட்டீஸை அதன் பக்கத்தில் வைத்துவிட்டு மெல்லிய குரலில் சொன்னார்:

"உங்க கடிதத்துக்குப் பதில்தான் அங்கிள் இது."