லைலுக்கு வேட்டு கிடையாது

"வேட்டெல்லாம் வேண்டாம். ராணுவத்துலேர்ந்து வர்ற ரெண்டு பசங்க கொடியை மடிச்சுக் கொடுத்தா போதும்" என்றாள் ரோண்டா.

சர்ச்சின் அடித்தளச் சமையலறையில் அடக்கத்துக்கு வருபவர்களின் சாப்பாட்டுக்காகப் பன்னுக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்த என் கை அப்படியே நின்றுவிட்டது.

வாசலில் நின்றவர் வெர்லின். எங்கள் ஊர் முன்னாள் ராணுவத்தினர் சங்கத்தின் துப்பாக்கி அணிக்கு இப்போது அவர்தான் தலைவர். வயது எண்பத்தொன்று. பட்டாளத்தில் இருந்த யார் செத்தாலும், இந்த அணி கல்லறையில் வரிசையாக நின்று வானத்தைப் பார்த்து மூன்று முறை சுடும். அப்படி அனுப்பினால்தான் எங்களுக்கு அது அடக்கம்.

இன்று பதினோரு மணிக்கு ரோண்டாவின் அப்பா லைலுக்கு அடக்கம்.

"ஏம்மா, யாருக்கு வேண்டாங்கிற? நாப்பது வருஷம் எங்க வரிசையில முதல் ஆளா நின்னவன் உங்கப்பன். நூத்திப் பன்னெண்டு பேருக்கு வேட்டுப் போட்டவன். அவனுக்கு மூணு வேட்டு கிடையாதா?"

"கிடையாது, வெர்லின்."

"அவனே வேண்டாம்னு சொன்னானா?"

"இல்ல. நான்தான் சொல்றேன்."

"இருபது வருஷம் மினியாபொலிஸ் பட்டணத்துல இருந்துட்டு வந்தா, அப்பன் வியட்நாமுக்குப் போனதுகூடவா வெக்கமாப் போயிடும்?"

அவள் ஹாம் இறைச்சித் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பன்னுக்குள் வைத்துக்கொண்டே இருந்தாள்.

"அப்பன் கடையை மூடப் போறியாமே. மூடு, அது உன் சொத்து. ஆனா லைல் எங்க ஆளு." வெர்லின் கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனார்.

கூடத்தில் மற்ற நான்கு கிழவர்களும் சீருடையில் காத்திருந்தார்கள். அவர்கள் ரோண்டாவைத் திட்டியது ஒரு வார்த்தை விடாமல் எங்களுக்குக் கேட்டது.

எனக்கும் பற்றிக்கொண்டுதான் வந்தது. இந்தக் குளிர்காலத்தில் நான் பன் தடவும் நான்காவது சாவு இது. மணிக்கட்டு விட்டுப்போயிருந்தது. ஆனால் லைலுக்கு என்றால் இன்னும் நானூறு பன் தடவுவேன். ஒரே ஒரு ஸ்குரூ வேண்டுமென்றாலும் அவர் ஹார்டுவேர் கடையில் ஒன்றை மட்டும் எடுத்துக் கொடுப்பார், பெட்டியாக வாங்கு என்று சொல்ல மாட்டார். யார் வீட்டிலாவது குழாய் உறைந்து வெடித்தால், ஞாயிறு பிரசங்கத்தின் பாதியில் எழுந்து போய்க் கடையைத் திறப்பார். அந்த மனுஷனை நாயைப் புதைப்பது மாதிரி சத்தமில்லாமல் புதைப்பதா?

"நீ பண்றது நல்லா இல்ல ரோண்டா" என்றேன். "அந்த அஞ்சு பேருக்கும் உங்கப்பாவை விட்டா யாரு இருந்தா? அவங்க ஆசைக்காவது சரின்னு சொல்லேன்."

ரோண்டா போய்க் கதவு சரியாக மூடியிருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு பெரிய மாவு டப்பாவின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்பா சொன்னதுதான்."

"இப்பத்தானே இல்லேன்னு சொன்னே?"

"போன ஜனவரியில ரோலியோட அடக்கம் ஞாபகம் இருக்கா, டார்லீன்? துப்பாக்கி அணியில இருந்த ஹார்லனுக்கு அன்னிக்கு இருமல். வரலைன்னுதான் சொல்லியிருக்காரு. அப்பா போன் பண்ணி, 'ஒரு ஆள் குறையுது, வாடா'ன்னு கூப்பிட்டிருக்காரு. காதைக்கூட மூடாத அந்தச் சங்கத் தொப்பியைப் போட்டுக்கிட்டு அரை மணி நேரம் நின்னாரு ஹார்லன். மூணாவது வாரம் அவருக்கே வேட்டுப் போட்டாங்க."

வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி. காற்று வேறு.

"ஆஸ்பத்திரியில அப்பா இதையேதான் திரும்பத் திரும்பச் சொன்னாரு. 'ஹார்லனை நான்தான் கொன்னேன். நான் குளிர்காலத்துல போனா மிச்சம் அஞ்சு பேரையும் அங்க நிக்க விடாத. காரிலயே உக்காந்திருக்கட்டும். காரணத்தை மட்டும் சொல்லிடாத, சொன்னா வீம்புக்குன்னே வந்து நிப்பானுங்க. உன்னைத் திட்டுவானுங்க, வாங்கிக்கோ'ன்னாரு."

வெண்ணெய்க் கத்தியைக் கீழே வைத்தேன். "ஊரு காலத்துக்கும் உன்னைத் திட்டுமே" என்றேன்.

"திட்டட்டும். ஒரு வாரமா தூக்கமே இல்ல. சண்டை போடத் தெம்பும் இல்ல."

கதவு மறுபடி திறந்தது. ரோண்டா சட்டென்று எழுந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

வெர்லின் அவளைப் பார்க்காமல் என்னிடம் வந்தார்.

"டார்லீன், நீயாவது பேசிப் பாத்தியா? துப்பாக்கியெல்லாம் வண்டியிலயே இருக்கு. இப்ப சரின்னாலும் போய் நின்னுடுவோம். அப்படி என்னதான் காரணமாம் அவளுக்கு?"

அவரை எனக்கு ஐம்பது வருடமாகத் தெரியும். ஒருநாளும் அவரிடம் பொய் சொன்னதில்லை. வண்டிவரை போய்த் திரும்பியதிலேயே அவருடைய விரல்கள் நீலம் பாரித்திருந்தன.

"காரணம் என்ன காரணம், வெர்லின்? திமிரு" என்றேன்.