மூன்றாம் ஓலை

தனியாகவா வந்தாய் என்று பரிசல்காரர் சென்னப்பனும் கேட்டுவிட்டார்.

அதற்கு முன்னால் பஸ் கண்டக்டர் கேட்டார். பையைச் சோதித்த போலீஸ்காரம்மா கேட்டார். எண்ணெய் மசாஜுக்கு ஆள் பிடிக்கிறவர்கூடக் கேட்டார். ஒகேனக்கல்லுக்கு ஒரு பொம்பளைப் பிள்ளை ஒற்றையாக வந்துவிட்டால் போதும், ஊரில் இருக்கிற கவலையெல்லாம் அவள் தலையில்தான்.

அனிஷா ஆமாம் என்று மட்டும் சொன்னாள். ஒரே ஆளுக்குப் பரிசல் எடுக்க மாட்டார்கள். பெங்களூரிலிருந்து வந்த ஒரு கன்னடக் குடும்பத்தோடு சென்னப்பன் அவளையும் ஏற்றிக்கொண்டார்.

லைஃப் ஜாக்கெட்டை மாட்டினாள், கழற்றினாள், மறுபடியும் மாட்டினாள். பரிசல் ஆடியது. இந்தப் பிள்ளை நம்மைக் கவிழ்க்காமல் விடாது போலிருக்கிறதே என்று சென்னப்பன் பார்த்தார்.

எட்டு மணிப் பூசை. இந்நேரம் பிரசங்கம் முடிந்திருக்கும். அடுத்து ஓலைதான்.

நல்லம்பள்ளிப் பக்கத்தில் அவளுடைய ஊர் மாதா கோயிலில் இன்றைக்கு மூன்றாவது ஓலை. கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு, பூசையின்போது சாமியார் ஓலை வாசிப்பார். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதாவது தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று ஊரறிய அறிவிப்பது. மூன்றாவதும் வாசித்துவிட்டால் ஆயிற்று, அப்புறம் யாரும் வாய் திறக்க முடியாது.

மாப்பிள்ளை ஜேக்கப், பால் வண்டி ஓட்டுகிறவர். பெண் ராஜமேரி.

ராஜமேரி அனிஷாவின் அம்மா.

அப்பா போய் ஐந்து வருஷம் ஆகிறது. ஜேக்கப்பும் மனைவியை இழந்தவர். நல்ல மனுஷன். அதுதான் தொல்லையே. குடிகாரராகவோ கோபக்காரராகவோ இருந்து தொலைத்திருந்தால் இவள் நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். அம்மா வந்து சம்மதம் கேட்டபோது, உன் இஷ்டம் என்று இவளே பெரிய மனசுக்காரிபோலச் சொல்லியும் தொலைத்துவிட்டாள்.

முதல் ஓலைக்கு அம்மா பக்கத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டாவது ஓலையில் தடை என்ற சொல் வந்ததும் கால்கள் தானாக எழுந்துவிட்டன. கைக்குட்டையை எடுக்கிற மாதிரி குனிந்து எப்படியோ சமாளித்தாள். பின் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள்.

இந்த வாரமும் அப்படிச் சமாளிக்க முடியுமா? அவளுக்கே அவள்மேல் நம்பிக்கை இல்லை. எழுந்து ஏதாவது உளறிவிட்டால் அம்மா அந்த ஊரில் அப்புறம் தலை காட்ட முடியாது. அதனால் ஓசூர்க் கம்பெனியில் ஞாயிற்றுக்கிழமையும் ஷிப்ட் என்று போனில் ஒரு பொய்யைச் சொன்னாள். சொன்னவளுக்கு ஹாஸ்டலிலும் இருப்புக்கொள்ளவில்லை. விடியும் முன்னே பஸ் ஏறி இங்கே வந்துவிட்டாள்.

இரண்டு பக்கமும் பாறைச் சுவர்கள் உயர்ந்துகொண்டே போயின. கன்னடக் குடும்பம் அண்ணாந்து பார்த்து வாயைப் பிளந்தது. இன்னொரு பரிசலில் ஒருவர் சிப்ஸும் ஜூஸும் கொண்டுவந்து நீட்டினார். அனிஷா எதையும் சரியாகப் பார்க்கவில்லை. போனைப் பார்த்தாள். டவர் இல்லை.

மலைச்சுவர் நடுவே சென்னப்பன் பரிசலைக் கிறுகிறுவென்று சுற்றிவிட்டார். எல்லோரும் கத்தினார்கள். இப்போது வாசித்திருப்பார்கள் என்று அவள் நினைத்தாள்.

கரையேறிய பிறகும் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. தொங்கு பாலத்தில் அந்தக் கோடிவரை போனாள், திரும்பினாள், மறுபடியும் போனாள். பார்வைக் கோபுரத்தில் ஏறி, மேலே போன வேகத்திலேயே இறங்கினாள். வாசித்து முடித்துவிட்டார்கள், இனி நிம்மதி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். எங்கே நிம்மதி? பக்கத்து இடம் காலியாக இருக்க, அம்மா தனியாக உட்கார்ந்து ஓலை கேட்டிருப்பாள் என்பது அப்போதுதான் உறைத்தது. பெற்றவளை இப்படி விட்டுவிட்டு வந்தோமே என்று தன்மேலேயே ஆத்திரமாக வந்தது.

பாறை விளிம்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது போன் அடித்தது.

அம்மா.

கீழே அருவி போட்ட இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசினாலே கேட்காது. மெஷின் சத்தம் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று போனை எடுத்தாள்.

சாப்பிட்டாயா என்று அம்மா கேட்டாள். ஆயிற்று என்று இவள் அடுத்த பொய்யைச் சொன்னாள். ஓலை வாசித்தாயிற்றா என்று கேட்க நாக்கு எழவில்லை. அம்மாவே சொன்னாள்.

"மூணாவது ஓலை இன்னிக்கு வேணாம், அடுத்த வாரம் வாசிங்கன்னு ஃபாதருகிட்ட சொல்லிட்டேன் கண்ணு. இன்னார் பொண்டாட்டின்னு உங்கப்பா பேரைச் சேர்த்து என்னைக் கோயில்ல கூப்புடறது அதுதான் கடைசி. அதை நீ இல்லாம நான் ஒருத்தியா எப்பிடிக் கேக்கறது?"

காலையிலிருந்து இவள் மனசுக்குள் ஆயிரம் தடவை வாசித்த ஓலையை அங்கே யாரும் வாசிக்கவே இல்லை.

அனிஷா கம்பியைப் பிடித்தபடியே பாறையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை முட்டியது. அடக்கிக்கொண்டு, ஷிப்ட் முடிந்துவிட்டது, இப்போதே கிளம்பிப் பொழுதுசாய வீட்டுக்கு வந்துவிடுகிறேன் என்றாள்.

அருவி இரைந்துகொண்டே இருந்தது.

"சரி, வா. வரப்ப அங்கியே நல்ல ஆத்து மீனாப் பாத்து வாங்கியா."