காய்ச்சல் வரிசை

தொற்றுக் காய்ச்சல்காரர்கள் ஓட்டுப் போடுவதற்கென்றே ஒதுக்கிய கடைசி ஒரு மணி நேரத்தில் இருபது நிமிடம் போய்விட்டது. வாக்குச்சாவடியான பள்ளிக்கூடத்தில் ஈ காக்கா இல்லை.

அந்த ஒரு மணி நேரத்துக்கு மட்டும் சாவடிக்குப் பொறுப்பு கணக்கு டீச்சர். தலை முதல் கால் வரை பிளாஸ்டிக் உடுப்பு மாட்டிக்கொண்டு உள்ளே வெந்துகொண்டிருந்தார். பக்கத்து மேஜையில் வாக்காளர் பட்டியலோடு கிளார்க்.

"நாற்பத்தோரு பேர் மேடம், இந்த ஒரு தெருவுல மட்டும். ஒருத்தர்கூட வரலையே."

"வருவாங்க. பேரை நமக்குச் சொல்லலைன்னாலும் ஒவ்வொருத்தருக்கும் சுகாதாரத் துறையிலேருந்து போன் போட்டுச் சொல்லியிருக்காங்க. போன தடவை இந்த வார்டுல பத்தொன்பது ஓட்டு வித்தியாசத்துலதான் ஜெயிச்சாங்க. நாற்பத்தோரு ஓட்டுன்னா சும்மாவா?"

வாய்தான் அப்படிச் சொன்னது. ஏன் வரவில்லை என்பது டீச்சருக்கு ஜன்னல் வழியாகவே தெரிந்தது.

எதிர் வீட்டுப் பால்கனியில் ரிட்டயர்ட் சூப்பிரண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் நோட்டு, கையில் பேனா. யார் யாருக்குக் காய்ச்சல் என்பதைச் சுகாதாரத் துறை பொத்திப் பொத்தி வைத்திருந்தது. இந்த ஒரு மணி நேரத்தில் பள்ளிக்கூடத்து கேட்டைத் தாண்டினால் போதும், பெயர் அவர் நோட்டில் ஏறிவிடும். ராத்திரிக்குள் தெருவெல்லாம் தெரிந்துவிடும். அப்புறம் பால்காரர் வரமாட்டார், வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்வார். ஓட்டும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று நாற்பத்தோரு பேரும் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

ஐந்து இருபத்தைந்துக்கு கேட்டில் ஒரு ஆள் தெரிந்தது. ரொட்டிக்கடை அக்கா.

தெருவில் பாதிப் பேருக்குக் காலைச் சாப்பாடே அக்கா போடும் ரொட்டிதான்.

காவலுக்கு நின்ற போலீஸ்காரர் பத்தடி தள்ளிப் போய், "காய்ச்சலா?" என்றார்.

"பின்னே, காத்து வாங்கவா இந்த வரிசையில வந்து நிக்கிறேன்?"

அக்காவின் குரலுக்கு மைக் தேவையில்லை. பால்கனியில் சூப்பிரண்டு எழுந்தே விட்டார்.

"ஏம்மா, காலையில இந்தக் கையாலதானே எனக்கு ரொட்டி வெட்டிக் கொடுத்தே?"

"ஆமா சார். நல்லா வெந்திருந்துச்சா?"

தெருவில் ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்தது. டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்ன நெஞ்சழுத்தம் பாருங்க. நோயை வச்சுக்கிட்டு நூறு வீட்டுக்கு ரொட்டி வித்துட்டு, நல்லா வெந்துச்சான்னு வேற கேக்கறாங்க. ஒரு பேப்பர் கொடுங்க, சுகாதாரத் துறைக்கு இப்பவே எழுதறேன்."

எழுதினார். வெள்ளைத்தாளில் ஒரு பக்கம், அடித்தல் திருத்தல் இல்லாமல்.

நிமிர்ந்து பார்த்தால், அக்காவுக்குப் பின்னால் சைக்கிள் கடை மெக்கானிக் நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் முனைவீட்டுப் புருஷன் பெண்டாட்டி. அப்புறம் ஸ்கூல் வேன் டிரைவர். ரொட்டிக்கடை அக்காவே பகிரங்கமாக வந்து நிற்கும்போது நமக்கென்ன என்று ஒவ்வொரு கதவாகத் திறந்தது.

சூப்பிரண்டின் பேனா ஓட்டமாக ஓடியது. பதினோரு பேர் வரைக்கும் எழுதினார். பன்னிரண்டாவது ஆள் அவர் வீட்டுப் படியிலிருந்தே இறங்கியது. அவருடைய சொந்த மருமகள்.

"உன்னை யாரு வெளியே வரச் சொன்னா? உள்ளே போ," என்று பல்லைக் கடித்தார்.

"என் ஓட்டு மாமா," என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் வரிசையில் போய் நின்றது. சூப்பிரண்டு நாற்காலியை உள்ளே எடுத்துக்கொண்டு போனார்.

வரிசை மளமளவென்று நகர்ந்தது. ஆனால் முதலில் வந்த அக்கா மட்டும் உள்ளே வரக் காணோம். "நீங்க முடியாதவங்க, முன்னாடி போங்க," "எனக்கென்ன அவசரம்" என்று ஒவ்வொருவரையும் முன்னே விட்டுக்கொண்டிருந்தார்.

மணி ஆறு. நாற்பத்தோரு பேரில் முப்பத்தெட்டுப் பேர் போட்டாகிவிட்டது. டீச்சர் மனசு குளிர்ந்துபோனது, அக்கா விஷயத்தில் தவிர. கடைசி ஆளாக அவர் உள்ளே வந்தார்.

"ஓட்டுப் போட்டுட்டுக் கொஞ்சம் நில்லுங்க," என்றார் டீச்சர் கறாராக. "உங்க மேல புகார் எழுதியிருக்கேன்."

கிளார்க் பட்டியலில் விரலை ஓட்டினார். ஓரிடத்தில் விரல் நின்றுவிட்டது.

"மேடம், இவங்க காலையிலேயே போட்டுட்டாங்க. முதல் ஓட்டே இவங்களோடதுதான்."

"காய்ச்சல்னு சொல்லி ரெண்டாவது ஓட்டுப் போட வந்தீங்களா?"

"காய்ச்சல்னு நான் எங்க டீச்சர் சொன்னேன்? ஓட்டுப் போட வந்தேன்னும் சொல்லல." அக்கா தெரு முழுக்கக் கேட்கிற தன் குரலை முதல்முறையாகத் தாழ்த்திக்கொண்டார். "கதவுக்குப் பின்னாடி அத்தனை பேரும் யாராவது ஒருத்தர் முதல்ல போவாங்களான்னுதான் பார்த்துட்டிருந்தாங்க. அதான் வந்து நின்னேன்."

 புகார்த் தாளை டீச்சர் உள்ளங்கையில் கசக்கிக்கொண்டார். தப்பாக நினைத்துவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது.

"தெருவே உங்களைப் பார்த்துடுச்சே அக்கா. நாளைக்கு உங்க கடையில யார் ரொட்டி வாங்குவாங்க?"

"இத்தனை பேர் பக்கத்துல நின்னுட்டு நான் எப்படி டீச்சர் விக்கிறது? பதினஞ்சு நாளைக்குக் கடையைப் பூட்டிட்டுத்தான் இங்க வந்தேன்."