மூடித் தைத்த வாழ்த்து

கூரியர்காரனின் வண்டி தெருமுனை திரும்பிய பிறகுதான் ஓரக்காரி வாயைத் திறந்தாள்.

"ஒரு தப்பு நடந்துபோச்சும்மா. உங்க தம்பிக்கு அனுப்பின கார்டை விரிக்காம, மூடின வாக்குலயே தச்சுட்டேன். திறக்க வராது."

முதலாளியம்மாவுக்குச் சுர்ரென்று ஏறியது.

துணியில் வாழ்த்து அட்டை செய்கிற கடை அது. முன்பக்கத்துப் படத்தை எம்பிராய்டரி மெஷின் போட்டுவிடும். உள்ளே எழுத வேண்டியதை எழுதி முடித்து, அட்டையை விரித்து வைத்து, கடைசியாக ஓரம் அடிப்பார்கள். அடி மடல் நழுவி ஊசிக்குள் போய்விட்டால் அட்டை ஒட்டிக்கொள்ளும். வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் செய்கிற தப்பு. எட்டு வருஷமாக ஓரம் மட்டுமே அடித்து, அதனாலேயே ஓரக்காரி என்று பெயர் வாங்கியவள் செய்யலாமா?

"கண்ணைப் பிடரியில வச்சிருந்தியா? இத்தனை கார்டு இருக்க, கெடுக்கிறதுக்கு என் கார்டுதான் கிடைச்சுதா உனக்கு?"

ஓரக்காரி குனிந்த தலை நிமிராமல் நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள்.

முதலாளியம்மாவின் ஆத்திரத்துக்குக் காரணம் இருந்தது. தம்பிக்குப் பிள்ளை பிறந்து ஒரு மாதம். தூக்கி வளர்த்த அக்காவுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவன் தெருவில் குடியிருக்கும் யாரோ ஒருத்தி பஸ்ஸில் சொல்லித்தான் தெரிந்தது. போன் போட்டால் எடுக்கவில்லை. நாலு பேர் குறை சொல்லக்கூடாதே என்று முன்பக்கத்தில் குடை பிடித்த மஞ்சள் வாத்து போட்டாள். உள்ளே, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி எழுதினாள்.

'இனி நீ என் தம்பி இல்லை. உன் பிள்ளையும் ஒருநாள் உன்னை இப்படித் தள்ளி வைக்கட்டும். அப்போது தெரியும் என் வயிற்றெரிச்சல்.'

அதைத்தான் இவள் மூடித் தொலைத்துவிட்டாள். எழுதியவள் வயிறு எரிய, அவன் வாத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பான்.

அடுத்த இரண்டு நாளும் அவளைத் திட்டித் தீர்த்தாள். சாப்பாட்டு நேரத்தில்கூட விடவில்லை. ஓரம் அடிக்கிற மெஷினை வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டு, ஓரக்காரியை உறை ஒட்ட உட்கார வைத்தாள். அவள் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

மூன்றாம் நாள் தம்பி கூப்பிட்டான்.

"அக்கா..." குரல் கம்மியிருந்தது. "பையன் குறைமாசத்துலயே பொறந்துட்டான். ஆஸ்பத்திரியில கண்ணாடிப் பெட்டிக்குள்ளயே வச்சிருந்தாங்க. பிழைப்பானான்னே தெரியல. யார்கிட்டயும் சொல்ல வாய் வரலக்கா, உன்கிட்டகூட. நேத்துதான் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். வாசல்ல உன் கார்டு கிடந்துச்சு. அவனுக்கு வந்த முதல் வாழ்த்து அதான்."

முதலாளியம்மா மெல்லக் கேட்டாள்.

"உள்ளே... பார்த்தியா?"

"அவ்வளவு அழகாத் தச்சிருக்கே, பிரிக்க மனசு வரல. அவன் பெரியவனாகி அவன் கையாலேயே பிரிக்கட்டும்னு என் பொண்டாட்டி தொட்டில்ல கட்டித் தொங்கவிட்டிருக்கா."

போனை வைத்தாள். தன் கையையே வெட்டிப் போடலாம் போல ஆத்திரம் வந்தது. பச்சைப்பிள்ளையின் தலைக்கு மேல் அந்த எழுத்து தொங்குகிறது!

மெஷினில் உட்கார்ந்து அதே வாத்தை மறுபடி போட்டாள். உள்ளே, 'நல்லா இருடா கண்ணா' என்று மட்டும் எழுதினாள். அதை எடுத்துக்கொண்டு உறை ஒட்டும் மேஜைக்குப் போனாள்.

"வா, நீயே ஓரம் அடிச்சுக் குடு. நேர்ல போய் அதை மாத்திட்டு வரணும்."

ஓரக்காரி எழுந்து வந்து மெஷினில் உட்கார்ந்தாள்.

முதலாளியம்மாவுக்கு மனசு ஆறவில்லை. "உன் தப்புதான் என் மானத்தைக் காப்பாத்துச்சு. இருந்தாலும் கேக்கிறேன். எட்டு வருஷ அனுபவம், அடி மடல் நழுவினதுகூடவா தெரியல உனக்கு?"

ஓரக்காரி அட்டையை நன்றாக விரித்து ஊசிக்கு அடியில் வைத்தாள்.

"நழுவினா ஒரு பக்கம்தாம்மா ஒட்டும். மூணு பக்கமுமா ஒட்டும்?"