அக்ஷயா பேசிய இங்கிலீஷ்

ஸ்மார்ட் டிவியில் அக்ஷயாவின் முகம் வந்ததும், வரலட்சுமி டீச்சர் மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டாள்.

நாகலாபுரத்துப் பெற்றோர்கள் கூலி வேலையை விட்டுவிட்டு வகுப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் வீட்டுப் போனில் தாங்களே எடுத்த ஒரு நிமிட வீடியோக்கள். பேச்சு முழுக்க இங்கிலீஷில். ஏற்பாடு டீச்சருடையது.

இதுவரை ஓடிய வீடியோக்களில் எல்லாப் பிள்ளைகளும் ‘மை நேம் ஈஸ்’ என்று ஆரம்பித்து, அம்மா அப்பா பேரோடு மூச்சு வாங்கி நின்றுவிட்டார்கள்.

அக்ஷயா அதுகூடச் சொல்ல மாட்டாள். வருஷம் பூராவும் வாயே திறக்காத பெண். இதிலும் பேசாவிட்டால் தமிழ் மீடியத்துக்கே மாற்றிவிடுவேன் என்று அவள் அம்மா செங்கமலத்திடம் டீச்சர் கறாராகச் சொல்லியிருந்தாள்.

டிவியில் அக்ஷயா அம்மாவின் புடவையைச் சுற்றிக்கொண்டு, கையில் ஸ்கேலோடு நின்றாள். போனைப் பார்க்கவில்லை. பக்கத்தில் யாரையோ முறைத்துக்கொண்டிருந்தாள்.

“ஸ்டாண்ட் அப்!”

கணீரென்று இருந்தது. டீச்சர் பூரித்துப்போனாள். என்ன உச்சரிப்பு!

“வொய் யூ ஆர் கமிங் டு மை கிளாஸ்? யூஸ்லெஸ் கேர்ள். ஈவன் பஃபலோ ஈஸ் பெட்டர் தேன் யூ.”

கொஞ்சமும் திணறவில்லை. கடைசி வார்த்தையை இழுக்கிற அந்த இழுப்பு. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஸ்கேலால் உள்ளங்கையில் தட்டுகிற அந்தத் தட்டு.

டீச்சர் தன் இடுப்பில் செருகியிருந்த முந்தானையை மெல்ல உருவிவிட்டாள்.

“நோ கிரையிங். கிரையிங் ஆல்சோ இங்கிலீஷ் ஒன்லி!”

பெற்றோர்கள் கைதட்டினார்கள். ஒரு வார்த்தைகூடப் புரியாவிட்டால் என்ன, சரம்சரமாக இங்கிலீஷ் வருகிறதே! பிள்ளைகள் மட்டும் டிவியைப் பார்க்கவில்லை. டீச்சரைப் பார்த்தார்கள்.

செங்கமலம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்து டீச்சரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். சந்தோஷத்தில் கண்ணெல்லாம் ஈரம்.

எந்தக் குழந்தையை எதிரில் நிற்கவைத்து அக்ஷயா அப்படித் திட்டினாள்? டீச்சர் செங்கமலத்திடம் கேட்டேவிட்டாள்.

“எதிர்ல ஆரும் இல்ல டீச்சரம்மா. தெனம் இஸ்கூல்லேர்ந்து வந்ததும், கண்ணாடி மின்னால நின்னுக்கினு தன்னையே பாத்து இப்பிடித்தான் பேசிக்கினு கீது. இனிமே பாப்பாவ தமிழ் மீடியத்துக்கு மாத்த மாட்டீங்க இல்ல?”